மாதம்மா வழக்கமும் திருச்சபையின் கடமையும்

முருகன் மலைக்கோயிலால் புகழ்பெற்ற திருத்தணி, ஆட்சி எல்லைகள் மாறக் கண்ட ஊர். சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்திலிருந்த இப்பகுதி, 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்து, 1960இல் மீண்டும் சென்னை மாநிலத்திற்கு வந்தது. எல்லை மாறினும், அதன் இருபுறத்துச் சிற்றூர்களிலும் ஒரு வழக்கம் மாறவில்லை. நோயுற்ற பெண்குழந்தையை மாதம்மா என்னும் அம்மனுக்கு நேர்ந்துவிடுவதே அது. இவ்வாறு விடப்பட்டோர் பெரும்பாலும் அருந்ததியர் குலத்துச் சிறுமியர். அம்மன் பெயரால் தாலி கட்டப்பட்டவள் மணம் புரியலாகாது. ஊருக்கே பொதுவானவள் எனக் கருதப்பட்டாள்.

சட்டம் வாளாவிருக்கவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த திருத்தம், தேவதாசியரின் மானிய நிலங்களைக் கோயிற்பணிக் கட்டிலிருந்து விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்து, அப்பெண்களின் திருமண உரிமையையும் ஏற்றது. ஆந்திரம் 1988இல் தனிச்சட்டம் இயற்றியது. எனினும் சேரியின் சிறுகோயிலுக்கு விடப்பட்ட ஏழைப் பெண்ணுக்கு, விடுவிக்கத்தக்க மானியம் ஏது? திருவள்ளூர் மாவட்டத்திலும் அண்டை ஆந்திரப் பகுதியிலும் இவ்வழக்கம் நீடிப்பதாக வெளிவந்த செய்தியின்பேரில், 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளிடமும் விளக்கம் கோரியது.

மாதம்மாவுக்கு விடப்பட்டவளும் பாலியல் தொழிலாளியும் ஒன்றல்லர். ஆயினும் இருவர்மீதும் நிகழும் கொடுமைக்கு வேர் ஒன்றே: அவள் எல்லாருக்கும் உரியவள், ஆதலின் அவள்மீது விழும் அடி குற்றமாகாது என்னும் எண்ணம். 1999இல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் 2011இல் கொலையாளியின் தண்டனையை உறுதிசெய்த உச்சநீதிமன்றம், இத்தகைய பெண்களுக்கும் மாண்புடன் வாழும் உரிமை உண்டென்றது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022 மே 19இல் பிறப்பித்த ஆணையில், காவலர் இவர்களைச் சொல்லாலும் கையாலும் துன்புறுத்தலாகாது என்றும், வன்கொடுமைக்குள்ளானால் பிற பெண்களுக்குரிய மருத்துவ உதவி இவர்களுக்கும் உண்டு என்றும் விதித்தது.

1901 முதல் கோயிற்சிறுமியருக்கு அடைக்கலமளித்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் டோனாவூர்ப் பணியை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். சிறுமியை மீட்க அறிந்த திருச்சபை, வளர்ந்த பெண்ணின் பக்கம் நிற்க இன்னும் தயங்குகிறது. அவள் மனந்திரும்பட்டும், பின்னர் உதவுவோம் என்கிறோம். விபசாரத்தில் பிடிபட்டவளென்று கொண்டுவரப்பட்ட பெண்ணின் நிகழ்ச்சியில் ஆண்டவர் கைக்கொண்ட முறை வேறு. முதலில் கல்லெறிய நின்றோர் கலைந்தனர். புத்திமதி அதன்பின்னரே வந்தது. அடிபட்ட பெண்ணோடு காவல்நிலையத்திற்கும் மருத்துவமனைக்கும் உடன்செல்லுதல் ஆயர்ப்பணியின் புறம்பானதன்று. அதன் தொடக்கமே அதுதான்.