முடிக்காத பாறை சொல்லித்தரும் பாடம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போறவங்க பெரும்பாலும் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. ஒரு தடவை பிடாரி ரதங்களையும் பாருங்க. மேல்பகுதி செதுக்கி முடிஞ்சிருக்கும், கீழே வெறும் பாறை. வேலை மேலிருந்து கீழே நடந்திருக்கு என்று பார்த்தவுடனே புரியும். முடிக்காத குகைகளில், பாறையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து உடைத்தெடுத்த தடம்கூட இருக்கு. பல்லவர் காலச் சிற்பி எப்படி யோசித்தார் என்பது முடியாத வேலையில்தான் தெரியுது.

கம்ப்யூட்டரிலும் இப்படி யோசனையின் தடம் தெரியணும் என்று நினைத்தவர் சீமோர் பேப்பர்ட். 1967-ல் சிந்தியா சாலமன் உள்ளிட்டோருடன் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார். பின்னால் அதில் ஒரு ஆமை வந்தது. 'முன்னே போ, வலப்பக்கம் திரும்பு' என்றால் கோடு போடும். சதுரம் கோணலா வந்தா, எந்தக் கட்டளையில் தப்பு என்று குழந்தையே தேடணும். அந்தத் தேடல்தான் படிப்பு. 2007-ல் எம்ஐடி வெளியிட்ட ஸ்க்ராட்ச் இதன் வாரிசு.

நம்ம ஊருக்கு வருவோம். 2011-ல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. எனக்கும் ஒன்னு கிடைச்சது. முதல் வேலையா படம்தான் ஏத்தினேன். கருவி கைக்கு வந்தா மட்டும் யோசனை வந்துடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது. 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடும், கணக்குப் பாடத்தில் ஜியோஜீப்ரா செயல்பாடுகளும் சேர்ந்தன. அதில் ஒரு முக்கோணத்தின் முனையை இழுத்துப் பாருங்க. கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை 180 டிகிரியிலேயே நிற்கும். மனப்பாடம் செய்த விதியைக் கையால் சோதிக்க முடியுது.

இப்போ ஏஐ. கேட்ட நொடியில் கட்டுரை, கோடு, படம் எல்லாம் முடிந்த சிற்பமா வந்து நிற்குது. நானும் ஆபீஸில் தினமும் பயன்படுத்துறேன், வேண்டாம்னு சொல்ல வரல. ஆனா உளித்தடமே இல்லாத விடையில் தப்பை எங்கே தேடுவது?

சிற்பக்கலையில் தாளமானம் என்று ஒரு கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம்; நவதாளச் சிலை அதைப்போல 9 மடங்கு உயரம். இந்தக் கணக்கு தெரிஞ்சவர், வரைபடத்தை மென்பொருள் போட்டுத் தந்தாலும் பிசகைக் கண்டுபிடிச்சிடுவார். தெரியாதவர் அப்படியே நம்பிடுவார்.

அதனால ஏஐ-கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி உங்க முதல் முயற்சியை எழுதி வைங்க. தப்பா, பாதியா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.