ஆராய்ச்சி செய்ய ஆசையா? காரைக்குடிக்கு பஸ் ஏறுங்க!

திருமந்திரத்தின் பொருள் கேட்க, திருக்கோஷ்டியூர் நம்பியைத் தேடி ராமாநுஜர் 18 முறை வந்தார் என்கிறது வைணவ மரபு. அந்தக் காலத்து 'கைடு' தேடல்னு வெச்சுக்கலாம்! இன்று இந்த ஊர்ப் பிள்ளைகள் பிஹெச்.டி செய்ய வெளிநாடுதான் போகணும்னு இல்லை. திருப்பத்தூர் வழியாக பஸ் பிடித்தால் காரைக்குடி.

எங்கே படிக்கலாம்?

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம்தான் 'சிக்ரி' எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1953-ல் திறக்கப்பட்டது. பேட்டரி, மின்முலாம், உலோக அரிப்பு என நம் அன்றாட வாழ்க்கையைத் தொடும் ஆய்வுகள் இங்கே நடக்கின்றன. கடல் காற்று இரும்பை எப்படித் தின்கிறது என்று பார்க்க மண்டபத்திலும் ஒரு பிரிவு உண்டு. தமிழ், வணிகவியல், கல்வியியல் போன்ற துறைகள் என்றால், 1985-ல் உருவான அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது.

பணத்துக்கு என்ன வழி?

'இன்னும் எத்தனை வருஷம்டா படிப்பே?' வீட்டில் கேட்கும் இந்தக் கேள்விக்குப் பதில், ஜே.ஆர்.எஃப். நெட் தேர்வில் இதற்குத் தகுதி பெற்றால் முதல் 2 வருடங்கள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் சார்ந்த பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர் நெட், மற்றவற்றுக்கு யு.ஜி.சி நெட்.

ஒரு விஷயத்தில் உஷார்! 2024 முதல், 'பிஹெச்.டி சேர்க்கைக்கு மட்டும்' என்றும் ஒரு தகுதிப் பிரிவு இருக்கிறது. அதில் தேறினால் சேர விண்ணப்பிக்கலாம். ஆனால் நெட் மூலம் உதவித்தொகை வராது. அந்த மதிப்பெண்ணும் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும்.

சேர்வதற்கு முன்...

குறைந்தது 3, அதிகபட்சம் 6 வருடங்கள் ஓடும் பயணம் இது. அதனால் தலைப்பைவிட கைடை முதலில் பாருங்கள். அவருடைய சமீபத்திய கட்டுரைகளைப் படியுங்கள். அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். 'சார் எவ்வளவு நாளில் திருத்திக் கொடுப்பார்? கருவி கிடைக்க எத்தனை நாள் காத்திருக்கணும்?' இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

முதல் முறை 'இல்லை' என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். 18 முறை வந்தவரின் கதை நம்ம ஊர்க் கதைதானே!