மூன்று சாவுகளும் ஒரு நாலெழுத்தும்

சென்னையில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் அடிக்கடி வரும் கோரிக்கை ஒன்று உண்டு: "சென்செய், நாலு கான்ஜில நல்லதா ஒண்ணு சொல்லுங்க." வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு, காபிக் கோப்பைக்கு, சிலருக்கு முன்கையில் பச்சை குத்திக்கொள்ள. யோஜிஜுகுகோ என்று ஜப்பானியர் சொல்லும் இந்த நாலெழுத்துத் தொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் கேட்பவர்களுக்கெல்லாம் பிடித்தது 'இச்சிகோ இச்சியே'தான். வாழ்நாளுக்கு ஒரு சந்திப்பு. இந்த நிமிஷத்தை அனுபவி என்று யோகா வகுப்புப் பாணியில் அதற்கு ஓர் அர்த்தமும் வைத்திருப்பார்கள். நான் பதிலுக்கு, அந்தத் தொடரோடு சம்பந்தப்பட்ட மூன்று பேர் எப்படிச் செத்தார்கள் என்று சொல்ல ஆரம்பிப்பேன். பச்சை குத்தும் ஆசை பலருக்கு அங்கேயே அடங்கிவிடும்.

முதல் ஆள் சென் நோ ரிக்யூ. சக்காய் என்ற துறைமுக நகரத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. 16ஆம் நூற்றாண்டு ஜப்பானின் தலைசிறந்த தேநீர் ஆசான். அது ஊருக்கு ஊர் பிரபுக்கள் அடித்துக்கொண்டிருந்த காலம். ரிக்யூ வடிவமைத்த தேநீர் அறைக்கு வாசல் என்று ஒரு சின்னப் பொந்துதான் இருக்கும். எப்பேர்ப்பட்ட வீரனும் வாளை வெளியே மாட்டிவிட்டு, தலையைக் குனிந்து, முழங்காலில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவன் அடுத்த மாதம் உயிரோடு இருப்பானா என்பதே நிச்சயமில்லை. வாழ்நாளுக்கு ஒருமுறை என்று அங்கே சொன்னால் அது தத்துவம் இல்லை, நடைமுறை.

அதை எழுதி வைத்தவர் ரிக்யூவின் சீடர், அதே சக்காய் ஊர்க்காரர், யாமனோஉவே சோஜி. வழக்கமான தேநீர்க் கூட்டம்தானே என்று இருந்துவிடாதே, தோட்டத்தில் காலடி வைப்பதிலிருந்து கிளம்பும்வரை, வாழ்வில் ஒரே முறை கிடைத்த சந்திப்பு போல நடந்துகொள் என்று 1588 வாக்கில் குறிப்பெழுதினார். சோஜிக்கு வாய்த்துடுக்கு. நாட்டையே கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த ஹிதேயோஷியிடம் வேலை பார்த்து, முறைத்துக்கொண்டு, கடைசியில் எதிரியின் ஒதவாரா கோட்டையில் போய் ஒண்டினார். 1590இல் ஹிதேயோஷி அந்தக் கோட்டையை வளைத்தபோது சோஜி மறுபடி அவர் முன் நிற்க நேர்ந்தது. காதையும் மூக்கையும் அறுத்துக் கொன்றார்கள் என்கிறது மரபு வழிச் செய்தி. அடுத்த வருஷமே ரிக்யூவையும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொல்லி ஹிதேயோஷி உத்தரவிட்டார். ஏன் என்று இன்றும் சரித்திர ஆசிரியர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சோஜி எழுதியது ஒரு வாக்கியம்தான். அது நாலெழுத்தாகச் சுருங்கி நின்றதற்கு மூன்றாவது ஆள் காரணம். எனக்குப் பிடித்த ஆளும் இவர்தான், பிடிக்காத ஆளும் இவர்தான்: ஈ நவோசுகே.

பிவா ஏரிக்கரையில் இருக்கும் ஹிகோனே சமஸ்தானத்தின் பிரபுவுக்கு 14ஆவது மகனாக 1815இல் பிறந்தார். பதினாலாவது பிள்ளைக்குச் சொத்தில் என்ன வரும்? அண்ணன்மார் வேறு வீடுகளுக்குத் தத்துப் போனார்கள். இவரை யாரும் கேட்கவில்லை. 17 வயதிலிருந்து 15 வருஷம், வருஷத்துக்கு 300 மூட்டை அரிசிப் படியில், கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன வீட்டில் கிடந்தார். மண்ணில் புதைந்த மரத்தின் வீடு என்று அதற்குத் தாமே பெயர் வைத்தார். தேநீர், கவிதை, கைமேளம், வாள்பயிற்சி, ஜென் தியானம் என்று பொழுது போனது. ஊரார் வைத்த பட்டப்பெயர் 'சகபொன்'. ச என்றால் தேநீர், க என்றால் கவிதை, பொன் என்பது மேளத்தின் சத்தம். வேலைவெட்டி இல்லாதவன் என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியாது.

பிறகு அண்ணனின் வாரிசு இறந்துபோக, 1850இல் நவோசுகே பிரபுவானார். 1858இல், மன்னர் பேரால் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஆட்சியில் மிக உயர்ந்த பதவியான தாய்ரோ. அந்தக் காலகட்டத்தில்தான் தேநீர்க் கூட்டம் பற்றிய தம் நூலையும் முடித்தார். ஒரே விருந்தினரும் ஒரே வீட்டுக்காரரும் எத்தனை முறை கூடினாலும் இன்றைய கூட்டம் திரும்ப வராது, அதனால் எதையும் ஏனோதானோ என்று செய்யாதே என்பது அதன் சாரம். அந்த இடத்தில்தான் இச்சிகோ இச்சியே வருகிறது.

அதே வருஷம் அவர் செய்த இன்னொரு காரியம், மன்னரின் ஒப்புதல் வராமலேயே அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் போட்டது. எதிர்த்தவர்களை நூற்றுக்கும் மேல் தண்டித்தார்: பதவி பறிப்பு, வீட்டுக்காவல், தலைவெட்டு. பள்ளிக்கூட ஆசான் யோஷிதா ஷோயின் 1859இல் தலை இழந்தது இதில்தான். தேநீர் அறையில் அவ்வளவு மென்மையாக யோசித்த மனுஷன் அலுவலகத்தில் இப்படி. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தார் என்பதை என் மாணவர்கள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை.

1860 மார்ச் 24. பழைய நாள்காட்டிப்படி மூன்றாம் மாதம் மூன்றாம் தேதி, பெண்குழந்தைகளுக்குப் பொம்மை வைக்கும் பண்டிகை. பிரபுக்கள் எடோ நகரத்துக் கோட்டைக்குப் போய் ஷோகுனை வணங்க வேண்டிய நாள். பருவம் தப்பிப் பனி கொட்டியது. நவோசுகேயின் மாளிகைக்கும் சக்குராதா வாயிலுக்கும் நடந்துபோகும் தூரம்தான். ஏறத்தாழ 60 பேர் பல்லக்கைச் சூழ்ந்து வந்தார்கள். வாள்பிடி ஈரமாகக் கூடாதென்று காவலர்கள் எல்லோரும் உறை கட்டியிருந்தார்கள். மனு கொடுப்பதுபோல ஒருவன் முன்னால் வந்தான். துப்பாக்கி ஒன்று வெடித்தது. 18 பேர் பாய்ந்தார்கள். 17 பேர் மித்தோ சமஸ்தானத்தவர், ஒருவர் சத்சுமாக்காரர். காவலர்கள் உறையின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் காரியம் முடிந்துவிட்டது. குண்டு பட்டு அசைய முடியாமல் கிடந்தவரைப் பல்லக்கிலிருந்து இழுத்துப்போட்டுத் தலையை எடுத்தார்கள்.

கொன்றவர்களிடமும் ஒரு நாலெழுத்து இருந்தது: 'சொன்னோ ஜோயி'. மன்னரை வணங்கு, அந்நியனை விரட்டு. அதுவும் கேட்டவுடன் நரம்பு முறுக்கேறும் வாசகம்தான். இன்றைக்கு அதை யாரும் கோப்பையில் அச்சடிப்பதில்லை. அந்த வாசகத்தின் கதி விசித்திரமானது. 1863இல் ஆங்கிலேயக் கப்பல்கள் ககோஷிமாவைச் சுட்டதும், 1864இல் நாலு நாட்டுக் கப்பல்கள் ஷிமோனோசெகியைச் சுட்டதும் பார்த்தபிறகு, விரட்டுவோம் என்றவர்களே வாயை மூடிக்கொண்டார்கள். 1868இல் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. வந்ததும் நாலெழுத்தை மாற்றினார்கள்: 'புன்மெய் காய்க்கா', நாகரிகம் மலரட்டும், 'ஃபுக்கொக்கு கியோஹெய்', நாடு செழிக்கட்டும், படை வலுக்கட்டும். நவோசுகே திறந்த கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்கள் என்பதே என் கணிப்பு.

அரசாங்கத்துக்கு நாலெழுத்தின் ருசி தெரிந்துவிட்டது. 1895இல் சீனாவை ஜெயித்து வாங்கிய லியாவோதோங் தீபகற்பத்தை, ரஷ்யாவும் ஜெர்மனியும் பிரான்சும் மிரட்டித் திருப்பிக் கொடுக்க வைத்தன. நாடெங்கும் 'காஷின் ஷோதான்' என்ற பேச்சு எழுந்தது. விறகின் மேல் படுத்து, பித்தப்பையை நக்குவது. தோல்வியை மறக்கக் கூடாதென்று தம்மைத் தாமே வருத்திக்கொண்ட வூ, யுவே நாட்டு மன்னர்களின் சீனக் கதை. அந்தச் சொல்லைச் சொல்லியே மக்களைக் கூடுதல் வரி கட்ட வைத்தார்கள், கப்பல்கள் வாங்கினார்கள், 1904இல் ரஷ்யாவோடு போருக்குப் போனார்கள். இன்று அதே தொடரை நுழைவுத்தேர்வில் தவறி, மறு வருஷத்துக்குப் படிக்கும் பையனுக்குச் சொல்கிறார்கள்.

எல்லா நாலெழுத்தும் சீனத்துப் பழஞ்சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே கல்லில் இரண்டு பறவை என்னும் 'இஸ்ஸெக்கி நிச்சோ' ஆங்கிலத்திலிருந்து போனது. நமக்கு மாங்காய், அவர்களுக்குப் பறவை.

கெட்டுப்போன நாலெழுத்துக்கு உதாரணம் 'ஹக்கோ இச்சியு'. எட்டுத் திக்கும் ஒரே கூரை. கேட்டால் நம் கணியன் பூங்குன்றனார் பேசுவதுபோலத்தான் இருக்கும். தனாக்கா சிகாக்கு என்ற பௌத்தப் பிரசாரகர் 1913இல் பழைய வரலாற்று நூல் ஒன்றின் வரியிலிருந்து இதை உருவாக்கினார். 1940இல் கொனோயே அமைச்சரவை இதை அரசுக் கொள்கையாக்கியது. கூரைக்கு அடியில் யார் தலைவர் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்த வருஷமே மியாசாக்கியில் 36 மீட்டருக்கு மேல் ஒரு கற்கோபுரம் எழுப்பி, நாலெழுத்தைப் பொறித்தார்கள். ஜப்பானியப் படை இருந்த சீனத்து ஊர்களிலிருந்தெல்லாம் கல் வந்தது. தோற்றபிறகு, 1946இல், எழுத்தை எடுத்தார்கள். 1965இல் திரும்பப் பொருத்தினார்கள். கோபுரம் இன்றும் நிற்கிறது, 'அமைதிக் கோபுரம்' என்ற பெயரில்.

இன்றைக்கு நாலெழுத்து பத்திரமாக இருக்கும் இடம் சுமோ என்பேன். பதவி உயர்வைச் சொல்ல சங்கத்தின் தூதர்கள் வரும்போது, மல்லன் தரையில் கைவைத்து வணங்கி, ஒரு நாலெழுத்தைச் சொல்லி ஏற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தக்கனோஹனா 1994இல் சுமோவின் உச்சப் பதவியான யோகோசுனா ஆனபோது சொன்னது 'ஃபுஷாக்கு ஷின்மியோ', உடலையும் உயிரையும் பொருட்படுத்தாமை. தாமரைச் சூத்திரத்திலிருந்து வந்தது. ஒனோசாத்தோ 2025இல் 'யுயீத்சு முனி' என்றார், தன்னிகரில்லாமை. அங்கே பெரிதாகச் சொல்லிவிட்டு மோசமாக ஆடினால் அடுத்த போட்டியிலேயே ஊர் சிரிக்கும். அமைச்சர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

சரி, கடைசியில் எதைத்தான் எழுதிக்கொள்வது என்று கேட்பவர்களுக்கு, நவோசுகேயின் அதே நூலிலிருந்து இன்னொன்றைத் தருகிறேன்: 'தொக்குசா கன்னென்'. விருந்தினர் போனதும் கதவைச் சாத்தாதே, சாமான்களை அள்ளாதே. அடுப்பின் முன் தனியே உட்கார்ந்து, அவர் இந்நேரம் எந்த வழியில் போய்க்கொண்டிருப்பார் என்று நினைத்துப் பார் என்கிறார் அதில். இச்சிகோ இச்சியேயைவிட இது நல்ல சரக்கு. ஹிகோனே போகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிட வேண்டாம். புதைந்த மரத்தின் வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.