பிரஸ்டன் மாதிரி

பிரஸ்டன் மாதிரி என்பது இங்கிலாந்தின் வடமேற்கே, லங்காஷயர் கவுண்டியில் உள்ள பிரஸ்டன் நகர மன்றம் 2011க்குப் பிறகு கைக்கொண்ட உள்ளூர்ப் பொருளாதாரக் கொள்கை. ஊரிலுள்ள பெரிய பொது நிறுவனங்கள் தங்களுக்கு வேண்டியதைக் கூடுமானவரை அக்கம்பக்கத்துத் தொழில்களிடமே வாங்குவதும், தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கைகொடுப்பதும், சந்தை, திரையரங்கு போன்ற வசதிகளை மன்றமே உடைமையாக வைத்து நடத்துவதும் இதன் அடிப்படை. பொதுவாக இது சமூகச் செல்வ உருவாக்கம் எனப்படும் போக்கைச் சேர்ந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 2008இல் தொடங்கிய எவர்கிரீன் கூட்டுறவுகளும், ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மொன்ட்ராகன் கூட்டுறவுகளும் இதற்கு முன்னோடிகள்.

ஊரும் மன்றமும்

ரிப்பிள் ஆற்றங்கரையில் அமைந்த பிரஸ்டன், பருத்தி ஆலைகளால் வளர்ந்த ஊர். நூற்பு இயந்திரத்தால் பெயர்பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் இங்கேதான் பிறந்தார். 1853-54இல் நடந்த நீண்ட கதவடைப்பை நேரில் காண சார்ல்ஸ் டிக்கன்ஸ் இங்கு வந்தார். இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. துறைமுகம் 1981இல் மூடப்பட்டது. 2002இல் நகரத் தகுதி கிடைத்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1,48,000.

நகர மன்றத்தின் அதிகார எல்லை சிறியது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கொள்கையைப் புரிந்துகொள்ள முடியாது. பள்ளிகள், சாலைகள், முதியோர் பராமரிப்பு எல்லாம் லங்காஷயர் கவுண்டி மன்றத்தின் கையில் இருக்கின்றன. குப்பை அகற்றல், கட்டட அனுமதி, சந்தை, பூங்கா போன்றவையே நகர மன்றத்துக்கு உரியவை. பணமும் அந்த அளவுக்குத்தான். 2010க்குப் பின் மத்திய அரசு உள்ளாட்சி மானியங்களைக் கடுமையாக வெட்டியபோது அதிலும் துண்டு விழுந்தது. சொந்தக் கஜானாவை நம்பி ஊரை நிமிர்த்த வழியே இருக்கவில்லை.

கைவிட்டுப்போன வணிக வளாகம்

அதற்கு முன்பு மன்றம் நம்பியிருந்தது டைத்பார்ன் என்ற 70 கோடி பவுண்டு வணிக வளாகத் திட்டத்தை. பழைய பேருந்து நிலையத்தை இடித்து, பெரிய கடைகளைக் கொண்டுவந்து நகர மையத்தைப் புதுப்பிப்பதாக ஏற்பாடு. ஜான் லூயிஸ் பல்பொருள் அங்காடிதான் அதன் முதுகெலும்பு. 2011 நவம்பரில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது; திட்டமும் படுத்துவிட்டது. வெளியிலிருந்து வரும் ஒரு பெருமுதலீட்டாளரை நம்பிப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்த ஊர் வெறுங்கையோடு நின்றது.

அப்போது மன்ற உறுப்பினராக இருந்தவர், 2018இல் மன்றத் தலைவரான மேத்யூ பிரௌன். வெளியிலிருந்து பணம் வருமா என்று பார்ப்பதை விட்டு, ஊருக்குள் ஏற்கெனவே புழங்கும் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம் என்ற திசைக்கு விவாதத்தைத் திருப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மான்செஸ்டரிலுள்ள உள்ளூர்ப் பொருளாதார உத்திகளுக்கான மையம் ஆய்வுத் துணையாக வந்தது.

கொள்முதல்

பிரஸ்டன் மாதிரியின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இடம்பெயர்ந்து போக முடியாத பெரிய நிறுவனங்கள் எவை என்று முதலில் பட்டியல் எடுத்தார்கள்: நகர மன்றம், கவுண்டி மன்றம், லங்காஷயர் காவல்துறை, இரண்டு கல்லூரிகள், குடியிருப்போரே உறுப்பினராக உள்ள கம்யூனிட்டி கேட்வே வீட்டுவசதிச் சங்கம். இவை நங்கூர நிறுவனங்கள் எனப்பட்டன. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் இந்த முயற்சியோடு இணைந்தன.

பிறகு, ஒவ்வொரு நிறுவனமும் அதிகம் செலவழிக்கும் முதல் 300 வழங்குநர்களின் முகவரிகளைப் பார்த்தார்கள். 2012-13இல் முதலில் பட்டியலிட்ட ஆறு நிறுவனங்களும் சேர்ந்து செலவிட்டது ஏறத்தாழ 75 கோடி பவுண்டு. அதில் பிரஸ்டன் நகருக்குள் தங்கியது 5 விழுக்காடு மட்டுமே, அதாவது 3.8 கோடி பவுண்டு. லங்காஷயர் முழுவதையும் சேர்த்தாலும் 39 விழுக்காடுதான். மக்கள் கட்டிய வரியில் பெரும்பகுதி ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டையை அடைத்த விதம் எளிமையானது. உள்ளூர்ச் சிறு தொழில்முனைவோர் டெண்டருக்கு வராததற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. ஒப்பந்தம் அவர்கள் தூக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஆண்டு வரவு இவ்வளவு வேண்டும், இத்தனை படிவங்கள் வேண்டும் என்ற நிபந்தனைகள் வாசலிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பின. பள்ளி உணவுக்கான ஒப்பந்தம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொத்த மளிகையையும் ஒரே பெரிய நிறுவனத்திடம் கொடுப்பதற்குப் பதிலாகக் கவுண்டி மன்றம் அதைப் பல கூறுகளாகப் பிரித்தது. முட்டைக்குத் தனி, தயிருக்குத் தனி, உருளைக்கிழங்குக்குத் தனி என்று ஆனவுடன், லங்காஷயர் பண்ணைகளிலிருந்து வாங்கி விற்கும் வணிகர்கள் விலை கேட்க முன்வந்தார்கள். ஒரு டெண்டர் தாளை நாலாய் ஒன்பதாய்க் கிழிப்பது பெரிய புரட்சியாகத் தோன்றாது. ஆனால் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கும் அரசுப் பணத்துக்கும் இடையே இருந்த சுவரை அதுதான் தகர்த்தது.

சட்டமும் இடம் கொடுத்தது. உள்ளூர்க்காரர் என்பதற்காகவே ஒருவருக்கு ஒப்பந்தம் கொடுக்க அன்றைய ஐரோப்பிய ஒன்றிய விதிகள் அனுமதிக்கவில்லை. ஆனால் 2012ஆம் ஆண்டின் பொதுச் சேவைகள் (சமூக மதிப்பு) சட்டம், சேவைகளை வாங்கும்போது சமூக நன்மையையும் கருத்தில் கொள்ளச் சொன்னது. தொழில் பழகுநர் வேலைகள், வாழ்வதற்குப் போதுமான கூலி, அருகிலிருந்து வாங்குதல் போன்றவை மதிப்பெண்ணுக்குள் வந்தன. நகர மன்றமே 2012இல் வாழ்வூதியம் வழங்கும் நிறுவனமாக அங்கீகாரம் பெற்று முன்மாதிரி காட்டியது.

2016-17இல் மீண்டும் கணக்கெடுத்தபோது நகருக்குள் செலவானது 11.2 கோடி பவுண்டு, அதாவது 18.2 விழுக்காடு. லங்காஷயருக்குள் 48.9 கோடி, 79.2 விழுக்காடு. மானிய வெட்டால் மொத்தச் செலவு 62 கோடிக்குக் கீழே இறங்கிய காலத்தில் நடந்த ஏற்றம் இது.

பொது வசதிகள்

இடிக்கப்பட இருந்த பேருந்து நிலையம் நிலைத்துவிட்டது. 1969இல் திறக்கப்பட்ட அந்த நீண்ட கான்கிரீட் கட்டடத்தைக் காக்க ஊர்மக்களும் கட்டடக்கலை ஆர்வலர்களும் போராடினார்கள். 2013இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டது. கவுண்டி மன்றம் அதைப் புதுப்பித்தது. அந்தப் பணி 2021இல் உலக நினைவுச்சின்ன நிதியத்தின் நோல் நவீனத்துவ விருதைப் பெற்றது.

விக்டோரியா காலத்து இரும்புக் கூரையின் கீழ் கண்ணாடிச் சுவர் எழுப்பிப் புதிய சந்தைக் கூடத்தை 2018இல் திறந்தார்கள். கட்டியது உள்ளூர் ஒப்பந்ததாரரான கான்லன் நிறுவனம். பழைய சந்தையும் வாகன நிறுத்தமும் இருந்த இடத்தில், திரையரங்கும் பந்துவீச்சு விளையாட்டுக் கூடமும் கொண்ட அனிமேட் வளாகம் 2025இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய எரிக் ரைட் குழுமம் நகருக்குப் பக்கத்திலேயே இயங்குவது; ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. வளாகம் மன்றத்தின் உடைமை என்பதால் வாடகை நகரத்துக்கே வருகிறது. டைத்பார்ன் திட்டத்தோடு ஒப்பிட்டால் இது அளவில் சிறியதுதான். ஆனாலும் ஒரு தனி நிறுவனம் மனம் மாறினால் முழு ஊரும் தடுமாறும் நிலை இதில் இல்லை.

மதிப்பீடு

வளர்ச்சியை வாழ்க்கைத் தரத்தோடு சேர்த்து அளக்கும் டெமோஸ்-பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் அறிக்கை, 2018இல் பிரித்தானியாவில் மிக அதிகம் முன்னேறிய நகரம் என்று பிரஸ்டனைக் குறிப்பிட்டது. 2023இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வெளியான ஆய்வு, ஒத்த நிலையிலுள்ள பகுதிகளோடு ஒப்பிட்டு, பிரஸ்டனில் மனச்சோர்வும் அதற்கான மருந்துப் பயன்பாடும் குறைந்ததையும், இடைநிலைக் கூலி எதிர்பார்க்கப்பட்டதைவிட 11 விழுக்காடு உயர்ந்ததையும் கண்டது.

ஒவ்வொரு ஊரும் தன் ஊருக்குள்ளேயே வாங்கினால் பக்கத்து ஊரின் பிழைப்பு என்னாவது என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மேலே தந்த கணக்கில் ஏற்றத்தின் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே, லங்காஷயரின் மற்ற ஊர்களுக்குத்தான் போயிருக்கிறது. மாதிரியின் மெய்யான பலவீனம் வேறிடத்தில் உள்ளது. தொழிலாளர் கூட்டுறவுகளை வளர்க்கப் பல்கலைக்கழகத்தின் துணையோடு வலையமைப்பு ஏற்பட்டும், உருவானவை சிலவே, அவையும் சிறியவை. மொன்ட்ராகன் போன்ற ஒன்று அங்கே இன்னும் முளைக்கவில்லை. கொள்முதலில் கிடைத்த வெற்றியை வைத்து முழு மாதிரியையும் வெற்றி என்று சொல்லிவிடக் கூடாது.

ஸ்காட்லாந்தின் நார்த் அயர்ஷயர் மன்றம் 2020இல் இதே வழியில் தன் திட்டத்தை வகுத்தது. பிரௌன், ரியன் ஜோன்ஸ் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து பிரஸ்டன் அனுபவத்தை 2021இல் நூலாக வெளியிட்டார். பிற ஊராட்சிகள் இதிலிருந்து உடனே எடுத்துக்கொள்ளத் தக்கது முதல் படிதான்: தாங்கள் யாருக்குப் பணம் கொடுக்கிறோம் என்ற பட்டியலை ஒருமுறை முகவரியோடு எடுத்துப் பார்ப்பது.