வி.பி.பி.யில் வந்த செங்கல்

சென்ற ஞாயிறு பதிவு போட முடியவில்லை. கண் மருத்துவர் இரண்டு நாள் திரையைப் பார்க்கக் கூடாது என்றுவிட்டார். அதற்கும் சேர்த்து இந்த வாரம் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பில் வரலாறு படித்தவர் ஒருவர் எங்கள் தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும். டவுனில் கடையில் 41,000 சொன்ன அதே மாடல் போனில் பார்த்தால் 35,500. சீட்டுப் பணமும் தோட்டை அடகு வைத்த பணமும் சேர்த்து அவர்கள் கையில் இருப்பது 36,000. "சார், ஆன்லைன்ல போடலாமா? பெட்டியைப் பிரிச்சா சோப்புக்கட்டி இருந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல வருதே சார்" என்று அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் லேப்டாப் இல்லை. 1967.

அந்த வருடம் அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சட்டைப்பை டிரான்சிஸ்டர் விளம்பரம் வந்திருந்தது. விலை 60 ரூபாய், முன்பணம் வேண்டாம், வி.பி.பி.யில் அனுப்பப்படும். முகவரி என்று வடநாட்டு ஊர் ஒன்றின் தபால்பெட்டி எண் மட்டும். எங்கள் தெருவில் ரேடியோ என்றால் மிராசுதார் வீட்டுப் பெரிய வால்வு பெட்டிதான். கையில் எடுத்துக்கொண்டு போகும் ரேடியோ என்பதே அப்போது அதிசயம். அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ விற்பனைக்கு வந்தது 1954இல். எங்கள் ஊருக்கு அதன் பெயர் வந்து சேரவே பத்து வருடம் ஆயிற்று.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. அப்பா 60 ரூபாயும் கமிஷனும் எண்ணிக் கொடுத்த பிறகுதான் தபால்காரர் பெட்டியைக் கையில் தந்தார். விதி அது. திண்ணையிலேயே பிரித்தோம். மரத்தூள், மரத்தூளுக்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் அரைச் செங்கல். தபால்காரர் எங்களைவிட அதிகமாகக் கூசிப் போனார். "நான் கொண்டு வந்து கொடுக்கறவன்தானே அய்யா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அப்பா யாருக்கும் எழுதவில்லை, எங்கும் புகார் செய்யவில்லை. வெளியே தெரிந்தால் கேவலம் என்று நினைத்தார். அந்தச் செங்கல் எங்கள் கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்தபடி பல வருடம் இருந்தது.

வி.பி.பி. என்ற ஏற்பாடு இந்தியத் தபாலில் தொடங்கியது 1877இல். விற்பவர் பொருளைத் தபால் நிலையத்தில் கொடுப்பார், எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்றும் எழுதித் தருவார். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பார். பணம் விற்றவருக்குப் போகும். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் இருவரும் நம்பக்கூடிய மூன்றாம் ஆளாக அரசாங்கம் நின்றது. அமெரிக்கத் தபால் துறை இதே வசதியைத் தன் மக்களுக்குக் கொடுத்தது 1913 ஜூலையில்தான். நாம் 36 வருடம் முந்தி! (வகுப்பில் இதைச் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள்.) கல்கத்தாவில் இருந்த கடையிலிருந்து கைக்கடிகாரமும், சென்னையில் அச்சான புத்தகமும், எந்த ஊரில் காய்ச்சியது என்றே தெரியாத லேகியமும் கிராமத்துக்கு வந்தது இந்த வழியாகத்தான்.

அமெரிக்காவின் கதையும் சுவையானது. மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ரயில் நிலையத்தில் ஏஜெண்டாக இருந்தவர் ரிச்சர்டு சியர்ஸ். 1886இல் உள்ளூர் நகைக்கடைக்காரர் ஒருவர் தன் பெயருக்கு வந்த கடிகாரப் பார்சலை வாங்க மறுத்துவிட்டார். சியர்ஸ் அதை எடுத்து மற்ற ரயில்வே ஏஜெண்டுகளுக்கு விற்றார். பிற்பாடு உலகப் புகழ் பெற்ற சியர்ஸ் தபால் வியாபாரத்தின் பிள்ளையார் சுழி அதுதான், திரும்பிப் போக வேண்டிய ஒரு பார்சல். அவருக்கு முன்பே, 1872இல், சிகாகோவில் மாண்ட்கோமரி வார்டு என்பவர் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு விவசாயிகளுக்கு அனுப்பி வியாபாரம் தொடங்கியிருந்தார். மூன்று வருடத்தில் அவர் ஒரு வாக்குறுதியையும் சேர்த்தார்: பிடிக்காவிட்டால் பணம் வாபஸ். கண்ணால் பார்க்காமல் வாங்குகிறவனின் பயத்தை முதலில் சரியாகப் புரிந்துகொண்ட வியாபாரி அவர்தான் என்பது என் எண்ணம்.

நம் வி.பி.பி.யில் அந்த வாபஸ் இல்லை. அப்படித்தான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்தில் 1898ஆம் ஆண்டின் இந்தியத் தபால் நிலையச் சட்டத்தைப் புரட்டினேன். அதன் 35ஆவது பிரிவு வி.பி. தபாலைப் பற்றியது. உண்மையான ஆர்டரின் பேரில் அனுப்பும் பொருளுக்கு மட்டும்தான் வி.பி. என்று கட்டுப்படுத்தவும், மோசடி நடந்தால் வசூலித்த பணத்தை நிறுத்திவைத்து முகவரிதாரருக்கே திருப்பித் தரவும் விதி செய்ய அரசுக்கு அது அதிகாரம் கொடுத்திருந்தது. அதாவது அப்பா ஏமாறுவதற்கு வெகுகாலம் முன்பே, இப்படியும் ஏமாற்றுவார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் அப்பாவும், அந்தத் தபால்காரரும், எங்கள் தெருவும்தான். நூலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்து அப்போது பதினோரு வருடம் ஆகியிருந்தது. (அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2023ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது.)

நடுவில் பர்மா பஜார் காலம் ஒன்று இருந்தது. பர்மாவிலிருந்து வந்த நம் மக்கள் 1960களின் இறுதியில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் போட்ட கடைகள். வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வேண்டுமென்றால் ஊரே அங்கேதான் போகும். பில் கிடையாது, வாரண்டி கிடையாது, பேரம் உண்டு. ஆனால் ஒன்று: போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். கண்ணும் காதும் நம்முடையவை.

இந்தக் கண்ணும் காதும் இல்லாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று 1970இல் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப். அதற்குச் சில வருடம் முன்பு டெல்லியில் ஒரு வருடம் தங்கி வேலை பார்த்தவர். பழைய கார் சந்தையை உதாரணமாக எடுத்தார். எது நல்ல கார், எது ஓட்டைக் கார் என்று விற்பவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவன் எல்லாக் காருக்கும் குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான், சந்தையை விட்டுப் போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டைதான். மூன்று ஆய்விதழ்கள் இந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. 2001இல் நோபல் பரிசு வந்தது. அப்பாவின் பிற்காலத்தை இந்தக் கட்டுரை அப்படியே சொல்கிறது. அதன் பிறகு அவர் தபாலில் எதையும் வாங்கவில்லை. நேர்மையான ஒரு கடைக்காரர் எழுதியிருந்தாலும் வாங்கியிருக்க மாட்டார்.

ஆகவே 1995 செப்டம்பரில் பியர் ஒமிடியார் கலிஃபோர்னியாவில் ஒரு ஏல இணையதளம் தொடங்கியபோது (பின்னாளில் இ-பே என்று பெயர் பெற்றது) அது படுத்துவிட்டிருக்க வேண்டும். அதில் விற்ற முதல் பொருள் என்ன தெரியுமா? உடைந்த லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு. உடைந்தது என்று தெரிந்துதானே வாங்குகிறீர்கள் என்று வாங்கியவரிடம் கேட்டாராம். தெரியும், உடைந்ததைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம். அந்தத் தளத்தின் வியாபாரம் பழுதான சாமானில் தொடங்கியது, அதுவும் உண்மையைச் சொல்லி விற்றதில்! அடுத்த வருடமே வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறையை அவர் கொண்டு வந்தார். இன்று நாம் பார்க்கும் நட்சத்திரங்கள் அதன் வாரிசுகள். அந்த நட்சத்திரமும் காசுக்குக் கிடைக்கத் தொடங்கியதால், 2022 நவம்பரில் நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் விமர்சனங்களுக்கே ஒரு தரநிலை வெளியிட வேண்டி வந்தது. கட்டாயமில்லை, விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்கிறது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

இந்தியாவில் பாஸீ என்ற ஏலத் தளத்தை 2004இல் இ-பே வாங்கியது. அதே வருடம் அந்தத் தளத்தில் யாரோ ஒருவர் விற்பனைக்குப் போட்ட ஆபாச வீடியோவுக்காக நிறுவனத்தின் தலைவர் கைதானார். சந்தை நடத்துகிறவர், அதில் கடை விரித்தவர் செய்யும் தப்புக்கு எவ்வளவு பொறுப்பு? 2008இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, இடையில் நிற்பவருக்கு நிபந்தனையோடு பாதுகாப்புக் கொடுத்தார்கள். நாம் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டும் பக்கங்களில் பாதி, இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

பெங்களூரில் 2007இல் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010இல் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறையைக் கொண்டு வந்தது. எல்லோரும் புதுமை என்றார்கள். நான் 1877 என்று சொன்னேன், யாரும் கேட்கவில்லை. 2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி போன் கடைகளுக்கே வராமல் அந்தத் தளத்தில் மட்டும் 12,499 ரூபாய்க்கு வந்தது. சென்னையில் இருப்பவனுக்கும் திருத்துறைப்பூண்டியில் இருப்பவனுக்கும் ஒரே நாளில், ஒரே விலையில், ஒரே மாடல்! டவுன் கடையில் இருப்பதை வாங்கிக்கொள் என்று கேட்டே வளர்ந்த எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தையற்காரரின் 5,500 ரூபாயும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஒரு தோடு அடகிலிருந்து மீண்டு வரும் தொகை அது.

ஆனால் சந்தைக்காரர் வேறு, விற்பவர் வேறு. வெளிநாட்டு முதலீடு உள்ள இணையச் சந்தைகள் தாங்களே சரக்கை வைத்து நேரடியாக நம்மிடம் விற்கக் கூடாது, பிறர் விற்க இடம் மட்டும் கொடுக்கலாம் என்று 2016இல் மத்திய அரசு அறிவித்தது. அதனால்தான் பில்லில் கேள்விப்படாத கம்பெனிப் பெயர் இருக்கிறது. 2022இல் நானே ஒரு பவர் பேங்க் வாங்கினேன். 20000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. அதில் ஐந்தில் மூன்று பங்கு போனுக்கு வந்தால் சரியான சரக்கு என்று இயற்பியல் ஆசிரியரான நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார். உள்ளே 3.7 வோல்ட், வெளியே 5 வோல்ட், மாற்றும்போது இழப்பு. எனக்கு வந்தது ஒரு போனைக்கூட முழுதாக நிரப்பவில்லை, இரண்டு மாதத்தில் வயிறு உப்பிவிட்டது. விற்றவர் பெயரே தளத்தில் இல்லை. திருப்பும் காலம் முடிந்தது என்றார்கள் சந்தைக்காரர்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றியது.

மறுநாள் தையற்காரரிடம் போடச் சொன்னேன். புதுப்பித்த பழைய சரக்கு வேண்டாம், விற்பவர் பெயரை லேப்டாப் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் சரிபார், சார்ஜரில் தர முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்கிறதா பார், பெட்டியைப் பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடு என்றேன். இன்னொன்றும் சொன்னேன். பழைய 1986 சட்டப்படி, விற்றவன் இருக்கும் ஊரிலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. அந்தப் பெண் இதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பெட்டி வந்தது. கொண்டு வந்த பையனுக்கு இன்னும் முப்பது பார்சல் பாக்கி. ஆனாலும் நின்றான். தையற்காரருக்குக் கை நடுங்கியதால் போனை நான் பிடித்தேன். அட்டை, தெர்மோகோல், அதற்குள் லேப்டாப்பே இருந்தது. பெட்டியிலும் அடிப்பக்கத்திலும் பில்லிலும் ஒரே சீரியல் எண். பையன் சிரித்துக்கொண்டே போனான்.

சாயங்காலம் அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், வாரண்டி நான்கு மாதம் முன்பே ஓடத் தொடங்கிவிட்டதாகக் காட்டுகிறது. சரக்கு கிடங்குக்குப் போன நாளிலிருந்து கணக்கு வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பில்லை இணைத்து, தேதியைத் திருத்தச் சொல்லி அந்தப் பெண்ணே எழுதினாள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரு நகல். 2020 விதிப்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெற்றுக்கொண்டோம் என்ற பதில் நேற்று வந்துவிட்டது. மீதியை அது வந்ததும் கமென்ட்டில் போடுகிறேன்.