சைகோன் சந்தையில் ஒரு தேடல்

எங்கள் ஊரின் பெயரே ஒரு சந்தையின் நினைவுதான். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு. அதுவே சிலாபமாயிற்று என்பர். முத்துக்குளிப்புக் காலத்தில் கடற்கரையில் ஓலைக் கொட்டில்கள் முளைக்கும். பல ஊர் வியாபாரிகள் கூடுவர். சிப்பி தீர்ந்ததும் கொட்டில்களும் போய்விடும். பெயர் மட்டும் நின்றது.

வியட்நாமின் ஹோசிமின் நகரத்தில், பென் தான் சந்தையின் முன்னால் நின்றபோது இதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பென் என்றால் படகுத்துறை, தான் என்றால் கோட்டை. 1859இல் சைகோனைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் அந்தக் கோட்டையைத் தகர்த்தனர். ஆற்றோரத்துப் பழைய சந்தையும் இடம் மாறியது. இன்றுள்ள கட்டடம், சதுப்பு நிலத்தைத் தூர்த்து எழுப்பப்பட்டு 1914 மார்ச்சில் திறக்கப்பட்டது. நாற்புறமும் வாசல்கள், தெற்கு வாசலின் மேல் மணிக்கூட்டுக் கோபுரம்.

அந்தக் கோபுரத்தை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். சிறுவயதில் வாப்பாவுடன் நாகூருக்கு ஸியாரத்துக்குப் போனபோது காரைக்காலில் ஒரு வீட்டில் தங்கினோம். அவ்வீட்டுப் பெரியவரை எல்லோரும் 'சைகோன் சபுராளி' என்றே அழைத்தனர். அங்கே பிடவைக்கடை வைத்திருந்தவர். கடையில் உட்கார்ந்தபடியே சந்தை மணிக்கூட்டில் நேரம் பார்க்கலாம் என்று வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பாவும் பிடவைக்கடைக்காரர்தான். இருவரும் துணி விலையைப் பற்றி இரவு வெகுநேரம் பேசினர். நான் தூங்கிவிட்டேன்.

புதுச்சேரியும் காரைக்காலும் சைகோனும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலம் அது. நம்மவர் கப்பலேறியதற்கு அதுவே வழி செய்தது. தமிழ் முஸ்லிம்கள் பிடவை விற்றனர். செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்தனர். வேறு சிலர் அரசாங்க உத்தியோகம் பார்த்தனர். சந்தையிலிருந்து சில நிமிட நடையில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியர் இந்தியர்களை 'சா வா' என்று அழைத்தனர். ஜாவா என்பதன் திரிபு அது. நமது நாட்டில் அச்சொல் மலாயர் மீது ஒட்டிக்கொண்டது. கொம்பனித்தெருவில் ஜாவா ஒழுங்கை இருக்கிறது. சைகோனிலோ அது தமிழர் மீது ஒட்டிக்கொண்டது. கடல் கடந்து வந்தவனின் ஊரை யாரும் நுணுகிக் கேட்பதில்லை போலும்.

1956 செப்டெம்பரில் தென் வியட்நாம் அரசு 11 தொழில்களை வெளிநாட்டவருக்குத் தடை செய்தது. சீனரைக் குறிவைத்த சட்டமாயினும், பிடவை வியாபாரமும் அப்பட்டியலில் இருந்ததால் நம்மவரும் தப்பவில்லை. 1975இல் சைகோன் வீழ்ந்தது. 1978 மார்ச்சில் பெரிய தனியார் வியாபாரமே ஒழிக்கப்பட்டது. எஞ்சியிருந்தோரில் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர், அல்லது பிரான்சுக்குப் போயினர்.

சந்தையைச் சுற்றி இருமுறை நடந்தேன். கோபுரம் தெரியும் கடைகள் பல இருந்தன. அவற்றுள் பெரியவரின் கடை எது? கேட்டு வைத்திருந்தால்தானே தெரியும்!

மேற்கு வாசலுக்கு எதிரே நுயென் ஆன் நின் தெருவில் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். மலாய் மொழிப் பெயர்ப்பலகைகள், ஹலால் உணவகங்கள், வரிசையாக முக்காட்டுத் துணிக் கடைகள். மலேசியப் பயணிகளை நம்பி எழுந்த தெரு. ஒரு கடையிலிருந்த சாம் இனப் பெண் ஸலாம் சொன்னாள். துணியை விரித்துக் காட்டிய விதத்தில் வாப்பாவின் கை தெரிந்தது. பிடவையும் ஸலாமும் அந்தச் சந்தைக்குத் திரும்பியிருக்கின்றன, வேறு கைகளில்.

லுஹருக்கு டோங் டு தெருப் பள்ளிவாசலுக்கு நடந்தேன். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டியது. சபுராளிகளின் கடைகள் போய்விட்டன, பள்ளிவாசல் நிற்கிறது. கடை ஒருவனுடையது, பள்ளிவாசலோ வக்பு. ஆனால் வக்பும் தொழுகையைத்தான் காக்கும். கட்டியவனின் கதையை எழுத்துத்தான் காக்க வேண்டும்.

இதை வெறும் பழங்கதையாக நான் எண்ண முடியாததற்குக் காரணம் உண்டு. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நடந்து மூன்று வாரங்களில், 2019 மே 12ஆம் திகதி, முகநூலில் எழுதப்பட்ட ஒரு வரி தவறாக விளங்கப்பட்டு, சிலாபத்தில் முஸ்லிம் கடைகள் மீதும் பள்ளிவாசல்கள் மீதும் கற்கள் விழுந்தன. மறுநாள் வன்முறை வேறு ஊர்களுக்கும் பரவி ஓர் உயிரையும் கொண்டுபோனது. தலைமுறைகளாக இருந்த கடை ஒரு பிற்பகலில் இல்லாமற் போகலாம் என்பதை அன்று நாம் அறிந்தோம். போயிருந்தால், அதற்குமுன் அங்கே யார் என்ன விற்றார் என்பதற்கு நம்மிடம் என்ன எழுத்து இருந்தது?

ஊர் திரும்பியதும் ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினேன். அஸருக்குப் பின் பள்ளி விறாந்தையில் உட்காரும் மூத்தவர்களிடம் ஒவ்வொரு கடையாகக் கேட்டு எழுதுகிறேன். முதலில் மர்ஹூம் வாப்பாவின் கடை. அடுத்தது, சாவியை நம்பிக் கொடுத்துவிட்டு வாப்பா ஜும்ஆவுக்குப் போகும் பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியின் கடை. அவர் இல்லாமல் எங்கள் கடையின் கதை முழுமையாகாது.

கொப்பியில் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. விறாந்தையில் உட்காருவோர்தான் குறைந்து வருகின்றனர்.