நடுக் கூடத்தில் ஒரு குரல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் அத்தை வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அத்தை சிறு வயதிலேயே கணவரை இழந்தவள். கல்யாணம், காதுகுத்து எதிலும் முன்னால் வந்து நிற்க மாட்டாள். ஆனால் கே. பி. சுந்தராம்பாளின் இசைத்தட்டைச் சுழல விட்டால், கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மேல்நாட்டில் ஆபெரா பாடகியை அவள் ஏற்ற வேஷங்களைக் கொண்டு எடை போடுவார்கள். நம் இசைநாடக மேடைக்கும் அது பொருந்தும். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டும். 1908-இல் கொடுமுடியில் பிறந்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு அத்தகைய சாரீரம் வாய்த்தது. 'வள்ளி திருமண'த்தில் அவர் வள்ளி; செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா வேலன். மேடையில் நடந்த திருமணம் 1927-இல் வாழ்க்கையிலும் நடந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். பதிபக்தி என்று ஊர் மெச்சிற்று. அத்துடன் மூலையில் முடங்கியிருந்தால் இன்னும் மெச்சியிருக்கும்! அவரோ 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே வேஷமிட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அக்காலத்தில் கேட்டறியாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர்.

பின்னர் வந்த வேஷங்களைப் பாருங்கள். 1940-இல் மணிமேகலை, 1953-இல் ஔவையார், 1964-இல் 'பூம்புகா'ரில் கவுந்தியடிகள், 1973-இல் காரைக்கால் அம்மையார். துறவி, கிழவி, பேயுருக் கேட்டுப் பெற்றவள். ஒருத்தியின் பக்கத்திலும் கணவன் நிற்கவில்லை. விதவைக்கென்று ஊர் ஒதுக்கிய மூலையையே அவர் மேடையாக்கிக் கொண்டார். காங்கிரஸ் கூட்டங்களில் பாடினார். சட்ட மேலவையிலும் அமர்ந்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

இத்தனை வேஷங்களிலும் நந்தன் வேஷந்தான் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்காகவே ஒருநாள் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிச் சிதம்பரம் போனேன். நந்தன் தீயில் இறங்கியதாகச் சொல்லும் ஓமக்குளத்தின் கரையில் நின்றேன். சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் மடம் இருப்பதும் அந்தப் பகுதியில்தான். பக்தியில் நந்தனுக்கு என்ன குறை? ஆனாலும் நெருப்பில் குளித்த பிறகே அவனுக்குச் சந்நிதி திறந்ததாகக் கதை சொல்லுகிறது. உள்ளே வராதே என்று நிறுத்தப்பட்டவனின் பாட்டை, முன்னே வராதே என்று ஒதுக்கப்பட்டவள் ஒருத்தி பாடினாள்! அந்த வேஷம் அவருக்கு அப்படிப் பொருந்தியதில் வியப்பென்ன?

அத்தை இன்று இல்லை. அவள் கேட்டது வெறும் சங்கீதத்தை அல்ல என்று குளக்கரையில்தான் எனக்குப் புரிந்தது. பாட்டு முடிகிற வரைக்குமாவது, அவள் நடுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.